பெயர் எழுதிய வீடு

மாசி மகத்தன்று அண்ணாமலையார் கோயிலை விட்டு வெளியே கிளம்பி, பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்குப் போகிறார். அங்கே தீர்த்தவாரி நடக்கும். அதோடு ஒரு திதியும் கொடுக்கப்படும். இறந்தவர் வல்லாள மகாராஜா, திதி கொடுப்பவர் சாமி, முறைக்கு மகன். அதற்கு முன்பே, தைப்பூசத்தில் ஈசானியக் குளத்துத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது, ராஜா போரில் மாண்ட செய்தி சாமியிடம் சொல்லப்படும். மேளம் நின்றுவிடும். துக்க வீட்டுக்காரர் போலச் சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார்.

எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் இந்த உறவுக்குக் காரணம் சொல்கிறது. வல்லாளனுக்குப் பிள்ளையில்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவன் என்ற பெயரைச் சோதிக்க ஈசன் அடியார் வேடத்தில் வந்து கணிகை வேண்டும் என்கிறார். ஊரில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. இளைய ராணி சல்லமாதேவி தானே போய் நிற்கிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். பிள்ளையானவர் பிள்ளைக் கடனைச் செய்யத்தானே வேண்டும்? கதை கேட்பவர்களுக்கு ராணியின் நிலை உறுத்தும்; எனக்கும் உறுத்தும். ஆனால் இப்போது நான் பேச வந்தது பிள்ளையைப் பற்றி.

போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனுக்கு வரலாற்றில் மகன் உண்டு. 1311இல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தைத் தாக்கினான். 1327 வாக்கில் துக்ளக்கின் படையும் வந்து போன பிறகு வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். எண்பது வயதைத் தாண்டிய கிழவன் 1342இல் மதுரை சுல்தானோடு கண்ணனூர்க் கொப்பத்தில் மோதிப் பிடிபட்டான். அவனிடமிருந்து பறிக்கக் கூடியதையெல்லாம் பறித்துக்கொண்டு, கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். அவனுக்குப் பின் மகன் நான்காம் வல்லாளன், விருபாட்சன் என்ற பெயரிலும் அறியப்படுபவன், கொஞ்ச காலம் பட்டத்தில் இருந்தான். பிறகு அவனைப் பற்றிப் பேச்சில்லை. விஜயநகரம் எழுந்து போசளர் நிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

பெற்ற மகன் ஊர் நினைவில் இல்லை. கோயிலின் வல்லாள கோபுரத்தில் தகப்பன் சிலையாக நிற்கிறான், மகனுக்கு ஒரு தூண்கூட இல்லை. திதி கொடுக்கும் சாமிதான் ஏறக்குறைய எழுநூறு வருஷத்துக்கு இந்தப் பக்கத்திலும் வாரிசாக இருக்கிறார். வல்லாளன் எங்கள் குலத்தவன் என்று உரிமை கொண்டாடுவோர் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்களில் இருக்கிறார்கள். கொண்டாடட்டும். வருஷம் தவறாமல் ஆற்றங்கரைக்குப் போகிறவர் யார் என்பதுதான் என் கேள்வி. வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதினால் தாசில்தார் எந்தப் பெயரைச் சேர்ப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வதுண்டு.

இந்தப் பக்கத்தில் இன்னொரு வம்சமும் இருந்தது. செங்கேணிச் சம்புவராயர்கள். சோழருக்குக் கீழே நாட்டுப் பொறுப்பில் இருந்தவர்கள். சோழர் தளர்ந்ததும் தாங்களே அரசரானார்கள். படைவீட்டில் இருந்து ஆண்டார்கள். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து முடித்துவைத்தான். 1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆற்காட்டைப் பிரித்துப் புது மாவட்டம் ஆனபோது அதற்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். மாவட்டங்களிலிருந்து தலைவர்கள், அரசர்கள் பெயர்களையெல்லாம் அரசு எடுத்தபோது சம்புவராயரும் போனார். யாரும் சண்டைக்கு வரவில்லை. பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அரசாணை கொடுத்த பெயரை இன்னோர் அரசாணை எடுத்துக்கொண்டது.

ராஜாக்களை விட்டுவிட்டு ஊருக்குள் வருவோம். நான் சொல்ல வந்தது கணக்குப்பிள்ளை வீட்டைப் பற்றி.

இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லாப் பழைய ஊரிலும் ஒரு கணக்குப்பிள்ளை வீடு உண்டு. ஓடு போட்டது, அகலத் திண்ணை வைத்தது, பெரும்பாலும் ஏரிக்கரைக்கோ சாவடிக்கோ பக்கத்தில். இப்போது அந்த வீட்டில் இருப்பவர் பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கலாம், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கலாம். வீட்டை வேறு யாரோ வாங்கியிருக்கலாம். ஆனாலும் வழி கேட்டால் ‘கணக்குப்பிள்ளை வீட்டைத் தாண்டி இடதுபக்கம்’ என்றுதான் சொல்வார்கள். அந்த வேலையே 1980இல் போய்விட்டது.

கர்ணம் என்ற கணக்குப்பிள்ளை, மணியக்காரர் என்ற கிராம முன்சீப், தலையாரி, வெட்டியான், ஏரி மடை திறந்து அடைக்கும் நீர்கட்டி. கிராம நிர்வாகம் என்பது இந்த ஐந்தாறு பேர்தான். மன்னர்கள் மாறினார்கள், நவாபு போனான், கம்பெனி வந்தது, இவர்கள் அப்படியே இருந்தார்கள். கம்பெனியார் 1802லும் 1831லும் ஒழுங்குமுறைகள் போட்டு இந்தப் பரம்பரையைத் தங்கள் காகிதத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1895ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் அதை இறுக்கியது. தகப்பன் இறந்தால் மகன். மகன் மைனராக இருந்தால் அவன் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அவன் ஆளாகும்வரை வேறொருவர் பதிலியாக வேலை பார்ப்பார். பால்குடி மறக்காத பிள்ளை ஓர் ஊரின் கணக்குப்பிள்ளை! ராஜ்யத்துக்கும் கிராமத்துக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

வாரிசு என்பதை இதைவிடக் கறாராக நடத்தியவர்களும் இருந்திருக்கிறார்கள். ஜப்பானுக்குத் தெற்கே ரியூக்யூ தீவுகளில், ஷுரி அரசு 1689இல் வம்சாவளிகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஓர் அலுவலகம் வைத்தது. தீவு அதிகாரிகளின் குடும்பங்கள் தங்கள் வம்ச வரலாற்றை எழுதி முத்திரை வாங்க வேண்டும். ஒரு படி அலுவலகத்தில், ஒரு படி வீட்டில். அந்த ஏடு உள்ளவர்கள் ஒரு வகுப்பு, இல்லாதவர்கள் இன்னொரு வகுப்பு. குடிமக்களை இரண்டாகப் பிரித்த கோடு அதுதான். 1879இல் அந்த ராஜ்யத்தையே ஜப்பான் மாகாணமாக்கிவிட்டது. இந்தச் செய்தியைப் படித்தபோது, நம் கர்ணம் தன் வம்சாவளியை இப்படி எழுதி வைத்தாரா என்று தோன்றியது. பெரும்பாலும் இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க எழுதியது மற்றவர் வம்சாவளியை.

ஒரு பட்டாதாரர் இறந்தால் பட்டா யார் பெயருக்கு மாற வேண்டும் என்று எழுதுவது அவர் கை. மூத்த தாரத்துப் பிள்ளை எத்தனை, இளைய தாரத்துக்கு எத்தனை, ஓடிப்போனவன் திரும்பினானா, தத்துப் போனவன் எந்த ஊர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிறப்பு இறப்புப் பதிவேடு முன்சீப் கையில். சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு கர்ணத்தின் கையில். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நஞ்சையா புஞ்சையா, பாசனம் ஏரியிலா கிணற்றிலா, தீர்வை எவ்வளவு, இந்தப் பசலியில் என்ன பயிர் என்று ஒரே வரிசையில் போகும். பசலி என்ற வருவாய் ஆண்டு ஜூலை ஒன்றில் பிறக்கும், ஜூன் முப்பதில் முடியும். வருஷத்துக்கொருமுறை ஜமாபந்தி என்ற கணக்குத் தணிக்கை. அன்று கர்ணம் கணக்கு மூட்டையோடு தாலுகா ஆபீசுக்குப் போவார். வீட்டில் கல்யாணம் இருந்தாலும் ஜமாபந்தி தேதி தள்ளாது.

எனக்குப் பழக்கமான ஒரு கணக்குப்பிள்ளை வீடு கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிறது. சர்க்கார் கணக்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. வீட்டில் மிச்சமிருந்தது அவர் சொந்தமாக வைத்திருந்த பேரேடு. நீளவாக்கில் தைத்தது, சிவப்புத் துணி அட்டை, ஓரங்களில் பூச்சி அரித்திருந்தது. எழுத்து நீலக் கறுப்பு மையில், கட்டைப் பேனாவில், கோடு போட்டது போல நேராக இருந்தது. பாதிப் பக்கங்கள் குத்தகைக் கணக்கு. நிலத்தைச் சில இடங்களில் ஏக்கர் சென்டிலும், சில இடங்களில் காணி குழியிலும் எழுதியிருந்தார். இந்தப் பக்கத்துக் காணி நூறு குழி, ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். ஊரார் பேச்சுக்குக் காணி, சர்க்காருக்கு ஏக்கர்.

கடைசிப் பக்கங்களில்தான் நான் நின்றுபோனேன். வருஷவாரியாக ஏரி நிறைந்து கோடி போன தேதி. கோடி போகாத வருஷத்துக்கு ஒரு சுழி. மாட்டுக்குக் கோமாரி வந்த மாதம். ஊரை விட்டுக் கோலாருக்குப் போனவர்கள். அதற்குக் கீழே வெட்டியான் முறை. எந்தப் பசலியில் எந்த வீட்டுக்கு முறை, அந்த வீட்டில் யார் இறந்து யார் வந்தார் என்று பெயர் பெயராக. தகப்பன், மகன், மகனின் மகன். சில இடங்களில் ‘மகன் இல்லை, தம்பி மகன்’ என்று ஒரு குறிப்பு. சர்க்கார் கேட்காத கணக்கு. அவருக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று அந்த வீட்டு அம்மாவைக் கேட்டேன்.

‘முறை தகராறு வரும் தம்பி. அவங்க வந்து இவர்தான் சொல்லணும்னு நிப்பாங்க. அதுக்கு எழுதிகினு இருந்தாரு. வேற இன்னா?’

அவ்வளவுதான். இனவரைவியல் ஆர்வமோ பரிவோ ஒன்றுமில்லை. தகராறு தீர்க்கத் தேவையான குறிப்பு. ஆனால் அந்தத் தெருவில் மூன்று தலைமுறை முப்பாட்டன் பெயர் தெரிய வேண்டுமென்றால் இன்று அந்தப் பக்கத்தை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் பரம்பரை என்பது மரியாதை. வெட்டியான் வீட்டுக்கு அதே பரம்பரை விலங்கு. சாவு சொல்லப் போவது, பறையடிப்பது, செத்த மாட்டை இழுப்பது, அதிகாரி வந்தால் விறகும் தண்ணீரும் கொண்டுவருவது. இதற்குக் கொஞ்சம் மானிய நிலம், களத்து மேட்டில் கொஞ்சம் தானியம். இரண்டையும் காத்தது ஒரே சட்டம். பம்பாய் மாகாணத்தில் மகர்களைக் கட்டிப்போட்ட வதன் முறையும் இதே மாதிரிதான். 1928இல் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டசபையில் பரம்பரைப் பதவிச் சட்டத்துக்குத் திருத்த மசோதா கொண்டுவந்தது அதனால்தான். கணக்குப்பிள்ளைகளின் பொற்காலம் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த மறுபக்கத்தைப் படிக்காமல் விடுகிறார்கள். நிலத்தைச் சிவாய்ஜமாவில், அதாவது பட்டா இல்லாத சாகுபடியாகக் காட்டுவதா, புறம்போக்கு என்று மெமோ போடுவதா என்பது கணக்குப்பிள்ளையின் பேனா முனையில் இருந்தது. அந்த முனைக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் ஊரில் பாதிப் பேர்.

கணக்கர் மீது அந்த அவநம்பிக்கை பழையது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்குக் குடவோலையில் இடமில்லை என்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவனோடு நிற்கவில்லை. அவன் சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒரு நீண்ட பட்டியலே விலக்கப்படுகிறது. பதவி ரத்த வழியாகப் போகிறதென்றால் பழியும் அதே வழியில் போகட்டும் என்று அந்தச் சபை நினைத்திருக்கிறது. இந்தக் காலத்துத் தேர்தல் ஆணையத்துக்கு அந்தத் தைரியம் வராது.

கர்ணங்களைப் பற்றி இன்னொரு பெருமையும் உண்டு. அது நியாயமான பெருமை. 1800ஐ ஒட்டிய வருஷங்களில் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆளனுப்பி வரலாறு சேகரித்தபோது, அவருடைய உதவியாளர்களான காவலி சகோதரர்கள் போய் நின்ற வாசல்களில் கர்ணங்களின் வாசல்களும் உண்டு. ஊர் எப்போது உண்டானது, ஏரி யார் வெட்டியது, எந்தப் பாளையக்காரன் எப்போது கொள்ளையடித்தான் என்பதெல்லாம் கைபீது என்ற ஊர் வரலாற்றுக் குறிப்புகளாக வந்தன. தென்னிந்தியாவில் உரைநடை வரலாறு பிறந்தது இந்தக் கணக்கர் வட்டத்தில்தான் என்று வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 2001இல் வந்த ஒரு நூலில் வாதிட்டார்கள். இந்தியர்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை என்ற பழைய வசைக்கு அது பதில். கவிஞன் மன்னனைப் பாடினான். கணக்கன் யார் எவ்வளவு கொடுத்தான் என்று எழுதினான். எனக்கு இரண்டாமவன் மேல்தான் நம்பிக்கை.

அந்த வீடுகளிலிருந்து வேறு மாதிரிப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். மருதூரில் கணக்கராகவும் ஆசிரியராகவும் இருந்த இராமையாப் பிள்ளையின் கடைசி மகன் 1823இல் பிறந்தான். தகப்பன் சில மாதங்களிலேயே இறந்தார். கருணீகர் குலத்து அந்தப் பிள்ளை கணக்கு மூட்டையைத் தூக்கவில்லை. சாதியையும் குலத்தையும் குப்பை என்றார். 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இராமலிங்க அடிகளுக்குப் பேரன் பேத்தி கிடையாது. அடுப்புக்கு விறகு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பரம்பரைக்கு முதல் வெட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. ஆந்திராவில் தெனாலி தாலுகாவில் ஒரு முன்சீப் பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, பழைய முன்சீப்பின் மகன் என்பதற்காக வேறொருவருக்கு அதைக் கொடுத்தார்கள். முதலில் தேர்வானவர் உச்ச நீதிமன்றம் போனார். 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பிறப்பின் அடிப்படையில் அரசு வேலை தருவது அரசியல் சாசனத்துக்கு எதிரானது. 1895 சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லாது. தமிழ்நாடு 1968இல் பரம்பரைப் பதவிச் சட்டத்தையே நீக்கியது. ஆனாலும் ஊரில் அதே வீட்டு ஆட்கள்தான் தொடர்ந்தார்கள், பகுதிநேர ஊழியர் என்ற பெயரில். இரண்டாவது வெட்டு 1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் கர்ணம், முன்சீப் பதவிகளையெல்லாம் ஒரே நாளில் ஒழித்தது. மாநிலம் முழுக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது சரி என்றது. அந்த இடத்துக்கு முழுநேர கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு எழுதி எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். ஏரி கோடி எங்கே என்று தெரியாமலும் வரலாம். ஆனாலும் வரலாம் என்பதே பெரிது.

‘மறுநாள் ஆளுங்க வந்து எல்லாத்தையும் சாக்குல கட்டி வண்டியில போட்டுகினு போனாங்க. அவரு திண்ணையில உக்காந்து பாத்துகினே இருந்தாரு. ஒண்ணும் பேசல. சாயங்காலம் யாரோ அடங்கல் கேட்டு வந்தாங்க. இல்லப்பா, போயிடுச்சுன்னாரு’ என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகும் பல வருஷம் புதிதாக வந்த அலுவலர்கள் எல்லைத் தகராறு என்றால் அவரிடம்தான் வந்து கேட்டார்களாம். சொல்லிக் கொடுத்திருக்கிறார். சம்பளமில்லை, காபி மட்டும்.

ஒழித்தது சரி என்றே நினைக்கிறேன், கொஞ்சமும் தயக்கமில்லாமல். மரியாதையைப் பரம்பரையாகப் பெற்றவர்களுக்கு இழப்புதான். விலங்கைப் பரம்பரையாகப் பெற்றவர்கள் அந்தச் சட்டம் போனதற்கு அழ மாட்டார்கள். வெட்டியான் என்ற பெயர் போய் கிராம உதவியாளர் என்று மாதச் சம்பளம் வந்திருக்கிறது. போகாத வேலைகள் இன்னும் சில ஊர்களில் வேறு வழியாகத் தொடர்கின்றன. அது தனிக் கட்டுரை.

ஆனால் சாக்கில் கட்டிப் போன கணக்குகளோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சர்க்கார் பதிவேடுகள் தாலுகா ஆபீஸ் அறைகளில் கிடக்கின்றன, கொஞ்சம் கணினிக்கும் ஏறிவிட்டது. சொந்தப் பேரேடுகள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. வீடு இடிக்கும்போது எடைக்குப் போவது அவைதான். அவற்றில் இருப்பது கணக்குப்பிள்ளை குலத்தின் பெருமை என்று அந்தக் குடும்பத்தார் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த ஏட்டில் அவரைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. இருப்பது மற்றவர்கள் பெயர். நிலமில்லாதவர்கள், பட்டாவில் ஏறாதவர்கள், கல்வெட்டில் வராதவர்கள்.

இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் கர்ணம் வீட்டு, முன்சீப் வீட்டுப் பேரப்பிள்ளைகள் நிச்சயம் இருப்பீர்கள். பரணில் பாருங்கள். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு, மரப்பெட்டிக்குள் பசலிக் காகிதக் கட்டு, எதுவாக இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுங்கள். மூலத்தை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ, அருகிலுள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ கொடுக்கலாமா என்று விசாரியுங்கள். அதற்கு முன்பு ஒரு பிரதி எடுத்து, அதில் பெயர் வரும் தெருவுக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வெட்டியான் முறை எழுதிய பக்கத்தை முதலில் கொடுங்கள்.